ஆறு ஈமுக்களும் ஒரு வெற்றுத் தரையும்

ஈமுவுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தீவனம் போட வேண்டும் என்று கேட்பவர்களிடம், உங்கள் பறவைகள் நிற்கும் தரையில் என்ன முளைத்திருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்பேன். கேள்வியைத் தட்டிக்கழிக்க அல்ல. முதல் கேள்விக்கான விடை இரண்டாவதில்தான் இருக்கிறது. இதைத் தெரிந்துகொள்வதற்குள் எனக்கு மூன்று வருடம் ஓடிவிட்டது. வளர்ந்த பறவை ஒன்றின் உயிரும் போனது.

என்னிடம் வந்தவை ஆறு ஈமுக்கள், ஒரு வயது நிறையும் தறுவாயில் இருந்தவை. அவை வருவதற்கு முன்பே நிலத்தில் களை கொத்தி, புதர் வெட்டி, கல் பொறுக்கி, கையால் துடைத்தது போல் ஆக்கி வைத்திருந்தேன். ஆறடிக் கம்பிவலை வேலி, மழைக்கு ஒதுங்கக் கொட்டகை, தீவனத் தொட்டி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் தயார். காலையும் மாலையும் குச்சித் தீவனம் (அரைத்து அழுத்திச் சிறு குச்சிகளாக்கியது) போட்டேன். எடை நன்றாகவே ஏறியது.

மூன்றாம் மாதம் அவை வேலியோரமாக நடக்கத் தொடங்கின. அது மேய்ச்சல் நடை அல்ல. ஒரே கோட்டில் போவதும் திரும்புவதுமாக, விடிந்ததிலிருந்து இருட்டும் வரை நடந்தன. வேலியடியில் ஒற்றையடிப் பாதையே விழுந்துவிட்டது. அடுத்ததாக ஒரு பெண் பறவையின் முதுகில் இறகு குறையத் தொடங்கியது. இன்னொரு பறவை அதைப் பிடுங்கித் தின்பதைக் கண்ணால் பார்த்தேன். பேனோ செள்ளோ என்று பயந்து மருத்துவரை வரவழைத்தேன். அவர் தோலைப் பார்த்தார், எச்சத்தைப் பார்த்தார், தீவனப் பையில் அச்சிட்டிருந்ததைப் படித்தார். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டே, "இதுங்க பகல் முழுக்க என்ன வேலை செய்யுது?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. தொட்டியில் தின்னும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன். ஒரு நாளைக்கு அரை மணி நேரம்கூடத் தேறவில்லை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடிய கால்கள், எதைப் பார்த்தாலும் கொத்திப் பார்க்கத் துடிக்கும் அலகு. மீதிப் பகல் முழுக்க இரண்டுக்கும் வேலையே கொடுக்காமல் வைத்திருந்தேன்.

காட்டில் ஈமு எப்படிச் சாப்பிடுகிறது என்று அதற்குப் பிறகுதான் படித்தேன். மேற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட பகுதியில் அதன் உணவைப் பருவம் தோறும் கவனித்திருக்கிறார்கள். மழை வரும்வரை முல்கா என்ற வேல மரத்தின் விதை. மழை விழுந்ததும் புதுப் புல்லின் குருத்தும் கம்பளிப்பூச்சியும். குளிர்காலத்தில் கொன்றை இனத்துச் செடிகளின் இலையும் காயும். வசந்தம் வந்தால் வெட்டுக்கிளியும் குவாண்டாங் பழமும். குவாண்டாங் சந்தனத்தின் பேரினத்தைச் சேர்ந்த மரம். எந்தப் பருவத்தில் எது சத்தோடு கிடைக்கிறதோ அதைத் தேடி நடந்து போகும் பறவை இது. காய்ந்த புல்லும் முற்றிய இலையும் காலடியில் கிடந்தாலும் ஒதுக்கிவிட்டுப் போகும்.

நான் செய்துகொண்டிருந்த இன்னொரு தவறு அப்போது புரிந்தது. தழை இல்லாத குறைக்கு மாட்டுக்குப் போடுவது போல் வைக்கோலைக் கொண்டுவந்து கொட்டியிருந்தேன். அவை அதன் மேல் படுத்தன, தின்னவில்லை. பசித்தால் தின்னும் என்று காத்திருந்தது என் அறியாமை. விழுங்கிய தீனியைச் சேர்த்துவைக்க, கோழிக்குக் கழுத்தடியில் இருப்பது போன்ற தீனிப்பை ஈமுவுக்குக் கிடையாது, குடலும் நீளமானதல்ல. நார்ச்சத்தில் ஒரு பங்கை அதனால் செரிக்க முடியும் என்பது உண்மை. ஆனாலும் அது மாடு அல்ல. இளசாக இருந்தால்தான் அதற்குத் தழை உணவாகும். முற்றிய, நீளமான புல் தண்டுகள் வயிற்றுக்குள் பந்தாகச் சுருண்டு அடைத்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. அதனால் குதிரைமசால் என்ற பசுந்தீவனப் பயிரை எப்போதும் பூக்கும் முன்பே அறுக்கிறேன், விரல்கடை நீளத்துக்கு நறுக்கிப் போடுகிறேன். புதிதாக எந்தப் பசுந்தீவனத்தைத் தொடங்கினாலும் முதல் நாள் ஒரு கைப்பிடிதான். இரண்டு வாரத்தில் படிப்படியாகக் கூட்டுகிறேன்.

குச்சித் தீவனத்தை நான் நிறுத்திவிடவில்லை. வேலிக்குள் இருக்கும் பறவை எத்தனை மரம் வைத்தாலும் காட்டுப் பறவை ஆகிவிடாது. வளர்ந்த பறவை ஒன்றுக்கு என் நிலத்தில் சுமார் முக்கால் கிலோ போகிறது. தழையும் பூச்சியும் மிகுந்த மாதங்களில் தொட்டியில் மீதம் நிற்கும், நானும் குறைத்துக்கொள்வேன். புரதம் 15, 16 சதவீதம் இருந்தால் முட்டையிடாத காலத்துக்குப் போதும். முட்டையிடும் காலத்தில் புரதத்தைக் கூட்டுகிறேன். கிளிஞ்சல் தூளைத் தீவனத்தில் கலக்காமல் தனித் தட்டில் வைக்கிறேன். தேவைப்பட்ட பெண் பறவை தானாக வந்து கொத்திக்கொள்ளும். மற்ற பறவைகளின் உடம்பில் வேண்டாத சுண்ணாம்பு ஏறாது. தொட்டி பறவையின் முதுகு உயரத்தில், கூரைக்கு அடியில் இருக்க வேண்டும். நனைந்து பூசணம் பிடித்த தீவனத்தைக் காயவைத்துத் திரும்பப் போடும் சிக்கனம் மட்டும் வேண்டவே வேண்டாம். காய்ந்தாலும் பூசணத்தின் நஞ்சு போகாது.

குஞ்சுகள் விஷயத்தில் நான் பட்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் முறை பொரித்தபோது கறிக்கோழிக் குஞ்சுத் தீவனத்தைக் கொடுத்தேன். குஞ்சுகள் கண்ணெதிரே வளர்ந்தன, எனக்குப் பெருமையாக இருந்தது. ஐந்தாவது வாரத்தில் ஏழில் இரண்டுக்குக் கால் வெளிப்பக்கமாகத் திருகிக்கொண்டது. உடம்பின் வேகத்துக்கு எலும்பால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஓடியாட இடமில்லாத அறையும், வழுக்கும்படி விரித்திருந்த காகிதமும் சேர்ந்துகொண்டன. அந்த இரண்டையும் காப்பாற்ற முடியவில்லை. கறிக்கோழியைப் போலக் கொழுக்க வைக்கும் தீவனம் ஈமுக் குஞ்சுக்குக் கூடாது. சுண்ணாம்பும் பாஸ்பரசும் சரியான விகிதத்தில் இருக்க வேண்டும். சொரசொரப்பான தரை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் வாரத்திலிருந்தே நடக்கவும் ஓடவும் இடம் வேண்டும். இன்னொன்று, கோழித் தீவனம் சிலவற்றில் ரத்தக்கழிச்சலுக்கு எதிராக மோனென்சின் போன்ற மருந்து கலந்திருப்பார்கள். நெருப்புக்கோழி, ஈமு வகைப் பறவைகளுக்கு அது நஞ்சாகலாம். பையில் எழுதியிருப்பதைப் படிக்காமல் ஒரு பிடிகூடப் போடாதீர்கள்.

உயிர் போனது என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். நிலத்தில் கிடந்த கல்லையெல்லாம் பொறுக்கி எறிந்திருந்தேன் அல்லவா? ஈமுவுக்குக் கல் வேண்டும். பல் இல்லாத பறவை, விழுங்கிய விதையையும் தழையையும் அரைவைப்பைக்குள் கல்லை வைத்துத்தான் அரைக்கிறது. காட்டு ஈமுவின் வயிற்றில் 745 கிராம் வரை கல் இருந்ததாகப் பதிவு உண்டு. என் பறவைகளுக்குக் கல் கிடைக்கவில்லை. வேலி போட்டபோது சிதறிய வளைவாணிகள் கிடைத்தன. ஒரு பெண் பறவை இரண்டு நாள் தின்னாமல் கழுத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தது. மூன்றாம் நாள் காலையில் இறந்து கிடந்தது. உடலை அறுத்துப் பார்த்தபோது அரைவைப்பையின் சுவரை ஓர் ஆணி துளைத்திருந்தது. மினுங்கும் பொருள் எதுவானாலும் ஈமு விழுங்கிப் பார்க்கும் என்பது தெரிந்ததுதான். ஆனால் கல் கிடைத்திருந்தால் அந்த ஆணிகளை இவ்வளவு தேடியிருக்குமா என்ற கேள்வி எனக்குள் இன்னும் இருக்கிறது.

அன்றே காந்தத்தைக் கயிற்றில் கட்டி நிலம் முழுக்க இழுத்தேன். முக்கால் டப்பா இரும்பு சேர்ந்தது. இப்போதும் வேலியில் கை வைத்தால் அந்த வேலை முடிந்த மாலையே காந்தத்தை இழுக்காமல் வீடு திரும்புவதில்லை. சுண்டைக்காய் அளவிலிருந்து நெல்லிக்காய் அளவு வரை உருண்டையான கூழாங்கல்லை இரண்டு இடத்தில் குவித்து வைத்திருக்கிறேன். ஆற்று மணலைக் கொட்ட வேண்டாம். இடம் மாறிய பதற்றத்தில் இருக்கும் பறவை மணலை அள்ளி விழுங்கி அடைத்துக்கொள்ளும்.

இனி மரம் நட்ட கதை. முதல் முறை ஒரே நாளில் நாற்பது கன்றுகளைப் பறவைகள் இருந்த இடத்திலேயே நட்டேன். ஒவ்வொன்றுக்கும் குச்சி ஊன்றி, பிளாஸ்டிக் நாடாவால் கட்டினேன். பறவைகள் கூடவே நடந்து வந்து ஒவ்வொரு கன்றையும் தலை சாய்த்துப் பார்த்தன. மாலைக்குள் ஒன்றுகூட நிற்கவில்லை. பசியில் தின்றிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். பிடுங்கிப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கின்றன. நாடாவில் பாதியைக் காணோம். அடுத்த நான்கு நாளும் எச்சத்தைக் கிளறிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிளாஸ்டிக் கயிறு, நைலான் நூல், சாக்குப் பிரி எதுவும் ஈமு நிற்கும் நிலத்துக்குள் போகக் கூடாது என்பதை அந்த நான்கு நாள் கவலை எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

மறு வருடம் நிலத்தை நடுவில் வேலியிட்டு இரண்டாகப் பிரித்தேன். ஒரு பாதியில் பறவைகள், மறு பாதி முழுக்கச் செடிகளுக்கு. பதினான்கு மாதம் அந்தக் கதவைத் திறக்கவில்லை. அந்தப் பக்கம் பச்சை ஏறுவதைப் பார்த்துப் பறவைகள் வேலியோரம் நிற்கும்போது திறந்துவிடலாமா என்று கை பரபரக்கும். பொறுத்ததால்தான் மரம் பிழைத்தது. கன்றின் தண்டு கட்டைவிரல் பருமன் ஆகும்வரை, நுனிக் குருத்து பறவையின் தலைக்கு மேல் போகும்வரை, எந்தக் கன்றும் ஈமுவிடம் தாங்காது. நின்ற ஈமுவின் உயரம் 1.9 மீட்டர் வரை போகும் என்பதை மனதில் வைத்துக் கணக்குப் போடுங்கள்.

இடம் குறைவாக இருந்து இரண்டாகப் பிரிக்க வழியில்லாதவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. மரத்தை வேலிக்கு வெளியே நடுங்கள். இரண்டு மீட்டர் தள்ளி மல்பெரியை வரிசையாக வைத்தால் கிளை தானாக உள்ளே சாயும். நிழல் உள்ளே விழும், இலை விழும், பழம் விழும், வேரை யாரும் மிதிக்க மாட்டார்கள். மேற்குப் பக்கம் இப்படிச் செய்தால் பிற்பகல் வெயிலின் கொடுமை பாதியாகக் குறையும். என் நிலத்தில் மிகச் சீக்கிரம் பலன் கொடுத்தது இந்த வரிசைதான். மல்பெரியை வெட்ட வெட்டத் துளிர்க்கும். அந்தத் துளிர்தான் ஈமு கேட்கும் இளசு. வாரம் இரண்டு மரமாக முறைவைத்துக் கிளையைக் கழித்து உள்ளே போட்டுவிடுகிறேன். இலையை உருவித் தின்ற பிறகு மிஞ்சும் குச்சியை அப்படியே விட்டுவிடுவேன். அது ஏன் என்று பின்னால் வரும்.

மரத்தை எங்கே நடக் கூடாது என்பதும் முக்கியம். ஈமு திறந்த வெளியின் பறவை. கழுத்தை நீட்டித் தொலைவைப் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் அதற்கு நிம்மதி. அடர்த்தியாகக் காடு போல் வைத்துவிட்டால் எதிர்பாராமல் எதையாவது கண்டு மிரண்டு ஓடும்போது மரத்தில் மோதும். மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி, மீதியில் ஐந்தாறு மரங்கள் கொண்ட கொத்துகள் என்று நான் வைத்திருக்கிறேன். வேலியின் உள்பக்கம் மூன்று மீட்டர் அகலத்துக்கு எதுவும் நடவில்லை. மிரண்டால் அவை வேலியோரமாகத்தான் ஓடும், அந்தப் பாதை தடையில்லாமல் இருக்க வேண்டும். வேலி மூலைகளைச் செங்கோணமாக விடாமல் வளைத்துக் கட்டினேன். பறவையின் கண் உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் காய்ந்த கிளை ஒவ்வொன்றையும் அறுத்துவிடுகிறேன். முள்வேலிக் கம்பி எங்கேயும் இல்லை.

புல்லைப் பற்றி நிறையச் சொல்லத் தோன்றுகிறது. ஏனென்றால் நிலத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. முதலில் படர்புல் மட்டும் விதைத்தேன். ஒட்ட மேய்ந்துவிட்டன. பிறகு இடையிடையே கொத்துக் கொத்தாக வளரும் உயரமான புல்லை வைத்தேன். அதன் குருத்தை மட்டும் கொத்துகின்றன, அடித்தூர் அப்படியே நிற்கிறது. அந்தத் தூருக்குள் வெட்டுக்கிளியும் சிள்வண்டும் குடியேறின. மரத்தடிச் சருகைக் கூட்டுவதை நிறுத்தினேன். சருகுக்கு அடியில் வண்டுப்புழு, கரையான், எறும்பு என்று பெருகின. ஈமுக்கள் சருகைக் கொத்திப் புரட்டிப் பொறுக்குவதை முதன்முதலாகப் பார்த்த காலையில், மருத்துவர் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம் என்று தோன்றியது. வேலியோர நடை அந்தப் பருவத்திலேயே குறைந்துவிட்டது. இறகு பிடுங்கப்பட்ட பறவையின் முதுகு மெல்ல மூடிக்கொண்டது. பூச்சிமருந்து என் நிலத்துக்குள் நுழைவதில்லை. பூச்சி அங்கே தீவனம்.

எதையும் நடுவதற்கு முன் நஞ்சு உண்டா என்று பாருங்கள். அரளி, ஆமணக்கு, உண்ணிச்செடி மூன்றையும் வேரோடு எடுத்துவிட வேண்டும், வேலிக்கு வெளியே கழுத்து எட்டும் தூரத்திலும் கூடாது. அவகேடோவின் இலை, பழம் இரண்டும் பறவைகளுக்கு ஆகாது. அதோடு, ஈமு தின்றது அதோடு முடிவதில்லை. விதை முளைக்கும் நிலையிலேயே எச்சத்தில் வெளியே வரும், நெடுந்தூரம் தள்ளியும் விழும். ஆஸ்திரேலியாவில் ஈமுக்கள் சப்பாத்திக்கள்ளியைப் பரப்புகின்றன என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றைக் கொல்லவே இயக்கம் நடத்தினார்கள். அயல் களை எதுவும் காய்த்துப் பழுக்கும் முன் அதை வெட்டுவது வளர்ப்பவரின் பொறுப்பு. நல்ல விதைக்கும் அதே வழிதான். நான் நடாத இடங்களில் ஒன்பது மல்பெரிக் கன்றுகள் எச்சத்திலிருந்து முளைத்தன. நான்கைச் சுற்றி வலை வைத்துக் காப்பாற்றினேன்.

தண்ணீருக்குத் தொட்டி மட்டும் போதாது. ஈமு தண்ணீரில் இறங்கி உட்காரும், சேற்றில் கிடக்கும், நீந்தவும் செய்யும். முழங்கால் ஆழத்துக்குச் சரிவான ஒரு குட்டை வெட்டினேன். வெயில் உச்சியில் எல்லாமே அங்கேதான் கிடக்கும். கரையின் சரிவு மெதுவாக இருக்கட்டும். வழுக்கி விழுந்து கால் போனால் ஈமுவுக்கு மறுவாழ்வு கடினம்.

கழித்த குச்சியை ஏன் விட்டுவைக்கிறேன் என்றால், அடைகாப்பது ஆண் பறவை. குளிர்ந்த, பகல் குறுகிய மாதங்களில் புதரோரமாகச் சற்று மறைவான இடத்தில் குச்சி, பட்டை, புல், சருகு சேர்த்துத் தரையில் கூடு அமைக்கும். மறைவு வேண்டும், உட்கார்ந்த இடத்திலிருந்து நிலமும் தெரிய வேண்டும். வெற்றுத் தரையாக இருந்த வருடங்களில் பெண் பறவைகள் இட்ட முட்டை அங்கங்கே உருண்டு கிடந்தது, எந்த ஆணும் உட்காரவில்லை. புல்தூர் வளர்ந்த பிறகு வந்த முதல் குளிரில் ஓர் ஆண், தெற்கு மரக்கொத்தின் விளிம்பைத் தேர்ந்தெடுத்து ஒன்பது கரும்பச்சை முட்டைகள் மேல் உட்கார்ந்தது. சுமார் 56 நாள் அது எதுவும் தின்னாது, ஏறக்குறைய எதுவும் குடிக்காது. முட்டையைத் திருப்ப மட்டும் ஒரு நாளைக்குப் பத்து முறை போல எழும். உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கு கரைந்துபோகும். அத்தனை நாளும் அதைத் தாங்குவது முன்பே சேர்த்துவைத்த கொழுப்பு. ஆகவே ஆணுக்கு நல்ல உணவு கொடுக்க வேண்டியது கூட்டில் உட்காருவதற்கு முந்தைய மாதங்களில். உட்கார்ந்த பிறகு கிண்ணத்தோடு பக்கத்தில் போய் நின்று தொந்தரவு செய்வதால் பயனில்லை. எனக்கு மனம் கேட்காமல் முதல் வாரம் அப்படித்தான் செய்தேன். அது முட்டையை விட்டு எழுந்துவிடுமோ என்ற பயத்தில் பிறகு தள்ளியே நின்றேன்.

ஒன்பதில் ஆறு பொரிந்தன. மூன்றாம் நாள் தகப்பன் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு நேராகக் குட்டைக்குப் போய் நெடுநேரம் குடித்தது. வரிவரியான அந்தக் குஞ்சுகளும் பின்னாலேயே இறங்கப் பார்த்தன. குட்டையின் கரை பெரிய பறவைக்கு ஏற்றபடிதான் சரிந்திருந்தது. ஒரு குஞ்சு ஆழத்துக்குப் போய்த் தத்தளித்தபோது நான் ஓடிப்போய்த் தூக்கினேன். தகப்பன் என்னை விரட்டியது. அன்று மாலையே ஒரு கரை முழுக்கத் தட்டையான கற்களைப் படிபோல் அடுக்கி, நடுவிலும் இரண்டு இடத்தில் நீர்மட்டத்துக்கு மேல் தெரியும்படி கற்களைப் போட்டேன். குஞ்சு எதிர்பார்ப்பவர்கள் அதை முன்கூட்டியே செய்துவிடுங்கள்.